சிவப்புத் துணியில் இரத்தம்

வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால் அக்கா உடனே பதில் சொல்லமாட்டார். கையில் இருக்கும் துணியை மேசையில் வைத்துவிட்டுப் போய், கதவைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் "ஓம், தூறுது" என்பார். இத்தனைக்கும் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவரே நனைந்துகொண்டு உள்ளே வந்திருப்பார்.

"வரேக்கை பெய்தது. இப்ப பெய்யுதோ எண்டு பாராமல் எப்பிடித் தம்பி சொல்லுறது?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

இப்படி ஒருவரோடு ஒரே வேலையறையில் இரண்டு வருடம் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டிட்டோ எழுதினனீர்?" என்பார். இப்போது லண்டனில் லூயிஷாம் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் காணவில்லை.

தெற்கு லண்டனில், மிச்சம் என்கிற இடத்தில், ட்ராம் ஓடும் தண்டவாளத்துக்குப் பின்னால், ஒரு தொண்டு நிறுவனத்தின் உடைக் களஞ்சியம் இருக்கிறது. நாடகக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், சில வேளைகளில் படம் எடுப்பவர்கள் எல்லாம் வந்து பழங்காலத்து உடுப்புகளை வாடகைக்கு எடுத்துப் போவார்கள். திரும்பி வருகிற உடுப்பில் கறை எடுத்து, கிழிசல் தைத்து, அயன் பண்ணித் தொங்கவிடுவது என் வேலை. எனக்குச் சம்பளம் உண்டு. அக்காவுக்கு இல்லை. அகதிக் கோரிக்கை முடியும்வரை அவருக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. அதனால் தொண்டராக வந்துபோனார். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுப்பார்கள்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் மனேஜர், வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல மனுசி, எல்லோருக்கும் கொடுத்ததுபோல அக்காவுக்கும் ஒரு கடித உறையை நீட்டினார். அக்கா திறந்து பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"காசு வாங்கினால் அது வேலை. நான் வேலை செய்யேல்லை எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறன். சொல்லிவிடும் தம்பி."

நான் மொழிபெயர்த்தேன். மனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கோ எரிச்சல். நான் வந்த புதிதில் ஹவுன்ஸ்லோவில் ஒரு கடையின் பின்பக்கம் களவாகப் பெட்டி அடுக்கியவன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் காலூன்றினார்கள். இந்த மனுசி மட்டும் என்ன பெரிய அரிச்சந்திரன் பரம்பரையோ என்று மனதுக்குள் திட்டினேன்.

அந்தத் திட்டுக்கு வேறு காரணமும் இருந்தது. அதற்கு முந்திய மாதம் ஒரு கோட்டின் முதுகில் அயன் பெட்டியை வைத்துக் கருக்கிவிட்டேன். மனேஜர் கேட்டபோது, வாடகைக்குப் போன இடத்திலிருந்து அப்படித்தான் வந்தது என்று வாய்கூசாமல் சொன்னேன். அக்கா ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நோ. ஹீ பேர்ன். ஐ சீ," என்றார்.

பிறகு அதே குரலில் என்னிடம், "அயன் பெட்டியும் பழுது. குறைச்சு வைச்சாலும் சூடு ஏறிக்கொண்டுதான் நிக்குது. அதையும் கண்டனான். அதையும் சொல்லும்" என்றார்.

மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் வழக்கம்போல எனக்கும் சேர்த்துச் சாப்பிட ரோல்ஸ் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தான் எனக்கு ஏதோ செய்துவிட்டதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, கேட்ட கேள்விக்குக் கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். நான்காம் நாள் நானே வாய் திறந்தேன். புது அயன் பெட்டியும் வந்தது.

களஞ்சியத்தில் ஒரு முழுச் சுவருக்கும் சிவப்புக் கோட்டுகள் தொங்கும். பழைய காலத்துப் பிரித்தானியச் சிப்பாய்கள் போட்ட மாதிரி தைத்தவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் மனேஜர் அவர்களை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, ஏன் சிவப்பு என்று கேட்பார். பிள்ளைகள் முழிக்கும். காயம் பட்டால் இரத்தம் தெரியக்கூடாது, எதிரிக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவனும் பயப்படமாட்டான், அதற்காகத்தான் சிவப்பு என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். வீட்டில் என் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். லண்டனில் யாரை நிறுத்திக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் என் பக்கம் சாய்ந்து, "அது பிழை" என்பார். நான் காதில் வாங்குவதில்லை.

ஒருநாள் படம் எடுக்கிற குழு ஒன்று வந்தது. சண்டைக் காட்சிக்கு இருபது கோட்டு வேண்டும். ஒப்பனைக்காரப் பெண் போத்தலில் செயற்கை இரத்தம் கொண்டுவந்து ஒரு சிவப்புக் கம்பளி வெட்டுத் துணியில் ஊற்றிப் பார்த்தாள். சிவப்பில் சிவப்பு, ஒன்றுமே தெரியவில்லை. பாருங்கள், இதற்குத்தான் அந்தக் காலத்தில் சிவப்பு வைத்தார்கள் என்று சிரித்தாள். மனேஜரும் சிரித்தார்.

"தம்பி, அவையிட்டைச் சொல்லும். அந்தப் போத்திலிலை இருக்கிறது இரத்தமில்லை. இரத்தம் இப்பிடி நிக்காது."

"விடுங்கோ அக்கா. அவைக்குத் தெரியும்."

"அவை கண்டவையோ?"

நான் பதில் சொல்வதற்குள் கையில் இருந்த தடித்த ஊசியைத் தன் பெருவிரலில் ஏற்றிவிட்டார். குத்தியது மட்டுமில்லை, விரலை அமத்தி அமத்திப் பிழிந்தார். அதே சிவப்புக் கம்பளித் துணியில் ஒரு துண்டை எடுத்து விரலைச் சுற்றிப் பிடித்தார். பிறகு துண்டை மேசையில் விரித்து வைத்து, "பாத்துக்கொண்டு நிண்டால் தெரியும்" என்றார். ஒப்பனைக்காரப் பெண் கைக்குட்டை எடுத்து நீட்டினாள். அக்கா அதைக் கவனிக்கவில்லை.

யாரும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. முதலில் ஈரம் மட்டும் தெரிந்தது. பிறகு அந்த ஈரம் துணியின் சிவப்பிலிருந்து பிரிந்து தனியாக நின்றது. ஓரங்கள் மண்ணிறமாகின. அரை மணி நேரத்தில் அது பழைய புளி மாதிரிக் கறுத்துப் போய், அறையின் மறுகோடிக்குப் போய் நின்று பார்த்த எனக்கும் தெளிவாகத் தெரிந்தது. படக்காரர்கள் தங்கள் போத்தலைக் கறுப்புக் கலந்து மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அக்காவுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கண்டனான்," என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மனேஜர் நல்ல மனுசி என்றேன் அல்லவா. வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, அடுத்த கிழமை வந்து தான் இத்தனை வருடமும் பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லிவிட்டதாக ஒத்துக்கொண்டார். இந்த நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் பாராளுமன்றம் ஒரு பெரிய படையைத் திரட்டியதாம். அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் கோட்டு வேண்டும். மஞ்சிட்டி போன்ற ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கிற சிவப்புச் சாயம் மலிவு, வேண்டிய அளவுக்குக் கிடைக்கும். அதனால் சிவப்பு. பிறகு அது பழக்கமாகி, பெருமையுமாகி, இருநூறு வருடத்துக்கு மேல் நிலைத்துவிட்டது. அதிகாரிகளுக்கு மட்டும் ஒரு பூச்சியிலிருந்து எடுத்த விலை கூடிய சிவப்பு. வெடிமருந்துப் புகைக்குள் தங்கள் ஆட்களை அடையாளம் காண உதவியிருக்கும் என்றும் சிலர் சொல்கிறார்களாம். இரத்தத்தை மறைக்க என்பது பிற்பாடு ஆட்கள் கட்டிவிட்ட கதை.

"எங்கடை பக்கத்திலையும் சாயவேர் கிண்டிச் சிவப்புச் சாயம் போட்டவையாம் அக்கா," என்றேன் நான், என் பங்குக்கு.

"அப்பிடிச் சொல்லுவினம். நான் காணேல்லை."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம், அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால். மாசி மாதம், குளிர் எலும்பைப் பிடித்த ஒரு காலை, அக்கா வந்து மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு நீளக் கடித உறையை என்னிடம் தந்தார். அவருடைய அகதிக் கோரிக்கைக்கு வந்த பதில். நிராகரித்திருந்தார்கள். "முழுக்க வாசியும். ஒண்டும் விட வேண்டாம்" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் கதை எனக்குத் தெரிந்தது. ஊரில் அவருடைய கணவரைச் சந்தியில் வைத்துப் பட்டப்பகலில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். அக்கா தெருவின் மறுபக்கத்தில் நின்றார். பிறகு நடந்த விசாரணையில், பார்த்தவர்கள் எல்லோரும் பார்க்கவில்லை என்று சொல்ல, இவர் மட்டும் கண்டதைச் சொன்னார். மோட்டார் சைக்கிளின் நிறத்தைச் சொன்னார். வந்த திசையையும் போன திசையையும் சொன்னார். அதன் பிறகு இரவும் பகலும் ஆட்கள் வீடு தேடி வரத் தொடங்கினார்கள். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இங்கே அகதி நேர்காணலில் அக்கா சொல்லியிருக்கிறார்: என் கணவர் சிவப்புச் சட்டை போட்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருக்க அது நெஞ்சுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கடிதம் எழுதிய அதிகாரி அதைத்தான் பிடித்திருந்தார். சிவப்புத் துணியில் இரத்தம் தெரியாது என்பது பொதுவாக எல்லோரும் அறிந்தது, அப்படியிருக்கத் தெருவின் மறுபக்கத்திலிருந்து கண்டதாகச் சொல்வது நம்பக்கூடியதாக இல்லை, ஆகவே இவர் அந்த இடத்தில் இருந்தார் என்பதையே ஏற்க முடியாது. அந்த இடத்துக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தினேன்.

"வாசியும்," என்றார் அக்கா.

வாசித்து முடித்தேன். எங்களுக்குப் பின்னால் அந்தச் சிவப்புச் சுவர். அக்கா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிற புத்தியைத்தான் நானும் சொன்னேன். "அக்கா, மேன்முறையீட்டிலை மொழிபெயர்த்த ஆள் பிழை விட்டிட்டார் எண்டு சொல்லுங்கோ. வெள்ளைச் சேட்டு எண்டு மாத்துங்கோ. ஒரு சொல்லுத்தானே. ஆர் போய்ப் பாக்கப்போகினம்?"

அவரை நம்பவைக்க என் கதையையும் அவிழ்த்தேன். என் கேஸ் என்னுடையதில்லை. எனக்கு நடந்தது விசா கிடைக்கப் போதாது என்று ஏஜென்ட் சொல்லி, வேறொருவனுக்கு நடந்ததை எனக்குத் தந்தான். பாடமாக்கி ஒப்புவித்தேன். விசா வந்தது, பிறகு பாஸ்போர்ட்டும் வந்தது, வீடும் வாங்கிவிட்டேன். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாத விசயம் அது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தாள் அண்டைக்குப் போட்டது சிவப்புச் சேட்டு, தம்பி. நான்தான் தோய்ச்சுக் காயப்போட்டு எடுத்துக் குடுத்தனான். அதை நான் எப்பிடி வெள்ளை எண்டு சொல்லுறது?"

வழக்கறிஞர் இங்கேயே பிறந்த எங்கள் ஆட்களின் பிள்ளை. என்னை அங்கிள் என்பாள், தன் தமிழ் எனக்கு விளங்காது என்று நினைத்தவள்போல எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சொல்வாள். மனேஜரிடம் வரலாற்றைப் பற்றி ஒரு கடிதம் வாங்கிக்கொண்டாள். அது போதாது, பதினைந்து வருடமாகக் கறை எடுக்கிற ஆள் நேரில் வந்து, சிவப்புக் கம்பளியிலும் பருத்தியிலும் இரத்தம் எப்படித் தெரியும் என்று சொன்னால்தான் நீதிபதி கேட்பார் என்றாள். "அங்கிள், யூ ஆர் த எக்ஸ்பர்ட். நீங்கள் வந்தால் வெல்லலாம்."

ஓம் என்றுவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை இல்லாமல் கிடந்தேன். அரசாங்கத்தின் முன்னால் போய் நின்று, பெயரும் பிறந்த திகதியும் கொடுத்து, சாட்சி சொல்வது. என் பழைய ஃபைலை யாராவது எடுத்துப் பார்த்தால்? மனைவி வெளிப்படையாகவே கேட்டாள்: "ரெண்டு பிள்ளையளை வைச்சுக்கொண்டு உங்களுக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை?" போகாமல் விடுவதற்கு நான் நாலு சாட்டுத் தயாராக வைத்திருந்தேன். அக்கா ஒருமுறையாவது வரச்சொல்லிக் கெஞ்சியிருந்தால் அவற்றில் ஒன்றை எடுத்து விட்டிருப்பேன். அவர் கெஞ்சவில்லை. "வந்தால் நீர் கண்டதை மட்டும் சொல்லும். எனக்காக ஒண்டும் கூட்டிச் சொல்ல வேண்டாம்" என்றார். போனேன்.

மேற்கு லண்டனில், விமானங்கள் தலைக்கு மேல் தாழ்ந்து போகிற இடத்தில் அந்த மேன்முறையீட்டு மன்றக் கட்டடம். சாட்சி வெளியே இருக்க வேண்டுமாம். நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். உள்ளே அக்கா. அவர் என்ன கேட்டாலும் கண்டதைச் சொல்வார், காணாததைக் காணவில்லை என்பார், சுட்டவனின் முகத்தைக் கண்டீர்களா என்றால் இல்லை என்றுதான் சொல்வார். அது அவருக்கு உதவுமா, கவிழ்த்துவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை.

கூப்பிட்டார்கள். சத்தியம் செய்தேன். அக்கா முன் மேசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர், நான் ஆங்கிலத்தில் சொல்வதை மெல்லிய குரலில் அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கறிஞர் பிள்ளை கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னேன். புது இரத்தம், காய்ந்த இரத்தம், கம்பளி, பருத்தி, எத்தனை அடி தூரத்தில் தெரியும் என்பதெல்லாம். நீதிபதி எழுதிக்கொண்டே வந்தார். என் குரலில் தெம்பு வந்தது.

பிறகு அரசாங்கத் தரப்பு அதிகாரி எழும்பினார். இளம் ஆள், மரியாதையான பேச்சு. துணியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பேனையை மூடி வைத்துவிட்டு, நீங்களும் அகதியாக வந்தவர்தானே என்றார்.

"ஆம்."

"உங்கள் சொந்தக் கோரிக்கையில் நீங்கள் சொன்னது எல்லாம் உண்மையா?"

மொழிபெயர்ப்பாளர் அக்காவின் காதில் அதைச் சொன்னார். அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். உண்மை இல்லை என்று சொன்னால் என் வீடு, என் பிள்ளைகள், அதோடு அக்காவின் வழக்கும் போய்விடும். ஒரு பொய்யனின் வார்த்தையை வைத்து யார் தீர்ப்பு எழுதுவார்கள்? உண்மை என்றால், சத்தியம் செய்த வாயால், அக்கா கேட்டுக்கொண்டிருக்கப் பொய். யோசிக்க இரண்டு மூச்சு நேரம்கூட இல்லை.

"உண்மை," என்றேன்.

"எல்லாம் உண்மைன்னு சொல்றாருங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர் அக்காவிடம்.

அக்கா கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினார். கருகிய கோட்டுக்கு முன்னால் ஊசியை நிறுத்தி நிமிர்ந்த அதே முகம். வழக்கறிஞர் பிள்ளை அவருடைய கையைப் பிடித்து இருத்தப் பார்த்தாள். நீதிபதி அதைக் கண்டுவிட்டார். அவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்கச் சொன்னார்.

"அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா? ஐயா கேக்கறாரு."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மனைவியின் கையால் இரண்டு முறை சாப்பிட்டவர். என் பிள்ளைகளின் பெயர் தெரிந்தவர். அதெல்லாம் அவருக்கு ஒரு கணக்கே இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ஒண்டுமில்லை," என்றார். இருந்துவிட்டார்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோதும், பிறகு ட்ராமிலும், நன்றி சொல்ல எனக்கு வாய் வந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் என்னைக் காப்பாற்ற வாயை மூடினாரா, தன்னைக் காப்பாற்றவா என்று யோசித்தேன். இரண்டில் எது என்றாலும், அதை அவரைக்கொண்டு செய்வித்தவன் நான்தான்.

ஐந்து கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. அக்கா அதைக் கொண்டுவந்து, முந்திய கடிதத்தைத் தந்த அதே மாதிரித் தந்தார். வென்றுவிட்டார். மனேஜர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி அவரை யாரும் அனுப்ப முடியாது.

மனேஜர் போன பிறகு அக்கா சொன்னார்: "வழக்கறிஞர் பிள்ளை டெலிபோனிலை சொன்னவ, உம்மைப் பற்றியும் எழுதியிருக்காம். எனக்கு வாசியும்."

தேடி எடுத்து வாசித்தேன். துணிகளைப் பல வருடம் கையாண்ட சாட்சி நேர்மையானவர் என்று நீதிபதி காண்கிறார். அவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறார். அதனால் மனுதாரர் கண்டதாகச் சொன்னதையும் ஏற்கிறார்.

"நேர்மையானவர் எண்டோ எழுதியிருக்கு?"

"ஓம் அக்கா."

அவர் கடிதத்தை வாங்கி, மடிப்புக் குலையாமல் மடித்து, உறைக்குள் வைத்தார். கோபம் இல்லை. அழவும் இல்லை.

"நீர் பொய் சொன்னது எனக்குத் தெரியும். நீதிபதி கேக்கேக்கை ஒண்டுமில்லை எண்டனான்," என்றார். "கண்டதைச் சொல்லித்தான் இஞ்சை இருக்கிறன் எண்டு இனி நான் ஒருத்தருக்கும் சொல்லேலாது, தம்பி."